பொறுப்புடன் பெறப்பட்ட பூ

எங்கள் ஊர் வெள்ளைக்கரட்டு மல்லியும் வெள்ளைக்கரட்டுக் கொய்யாவும் கப்பலேறிப் போய், எந்த நாட்டிலோ எந்த ஊரிலோ சென்ட்டாகி இளஞ்சிவப்புக் கண்ணாடிக் குப்பிக்குள் அடைபட்டு, மறுபடியும் கப்பலேறி வெள்ளைக்கரட்டுக்கே திரும்பி வந்த வருஷத்தில்தான் வேலுத்தாயின் தலையில் பூ முளைத்தது. ஆச்சரியப்பட எங்களுக்கு நேரமில்லை. அது மல்லி சீசன், வெயில் ஏறுமுன் பறிக்காவிட்டால் மொட்டு வாடி எடை இறங்கிவிடும், எடை இறங்கினால் கமிஷன் கடைக்காரர் முகத்தைப் பார்க்க முடியாது.

குப்பியைக் கொண்டுவந்து கொடுத்தது கம்பெனி மேடம். கழுத்தில் தொங்கிய அட்டையில் ரெஜினா என்று பெயர் போட்டிருந்தது, ஆனால் நாங்கள் அவரைப் பொறுப்பு மேடம் என்றுதான் சொல்வோம். பூவும் பழமும் யாரையும் வருத்தாமல் வந்து சேர்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. செடிக்கு என்ன மருந்து அடிக்கிறோம், பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பாமல் பூப்பறிக்க அனுப்புகிறோமா, குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா, ஒதுங்க மறைவு இருக்கிறதா என்று கேட்டுக்கேட்டு எங்களுக்கே எங்கள் மேல் ஒரு மரியாதை வரும்படி செய்துவிட்டார். பூ ஏற்ற வரும் வேன் டிரைவர்களைக்கூட உட்காரவைத்து, கூடையைத் தூக்குமுன் பறித்தவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் தூக்க வேண்டும் என்று பாடம் நடத்தினார். பத்து நாளில் மற்ற டிரைவர்கள் அதை மறந்துபோனார்கள், மொக்கராசு மட்டும் மறக்கவில்லை. சொந்த வீடு இல்லாதவர், கல்யாணமும் ஆகாதவர், வேனிலேயே சாப்பிட்டு வேனிலேயே தூங்குகிறவர், தலை முழுக்க வழுக்கை. அவர் தினமும் வேலுத்தாயின் கூடைக்கு முன்னால் நின்று, "எடுக்கலாமாங்க?" என்பார். அவள் நிமிராமலே, "எடுங்க" என்பாள். இவ்வளவுதான் அவர்களுக்குள் பேச்சு, ஆனால் ஒரு நாள் வேறு டிரைவர் வந்து கேட்காமல் தூக்கிப் போனபோது அவளுக்குக் கோபம் வந்ததை நாங்கள் பார்த்தோம்.

பூக் கொட்டகையில் விழா வைத்து, பறிக்கிற பெண்கள் எல்லோருக்கும் மேடம் ஒவ்வொரு குப்பி கொடுத்தார். அட்டைப்பெட்டியின் மேல், அவரே சண்டை போட்டு அச்சடிக்கவைத்த தமிழ் வரி இருந்தது: பொறுப்புடன் பெறப்பட்ட பூக்களாலும் பழங்களாலும் ஆனது. பெயர் கூப்பிடும்போது வேலுத்தாயின் பெயரையும் கூப்பிட்டார். கொட்டகையில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. வேலுத்தாய்க்கு முப்பத்துநாலு வயது. புருஷன் மழைநாளில் கிணற்று மோட்டாரைத் தொட்டுச் செத்துப்போனான். அன்றிலிருந்து தினமும் கூடை கூடையாக மல்லி பறிக்கிறாள், ஒரு மொட்டுகூட அவள் தலைக்குப் போனதில்லை. எங்கள் பக்கத்தில் தாலியறுத்தவள் பூ வைக்கக் கூடாது, இதை யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை, அவளாகவே விட்டுவிட்டாள்.

அவளோடு பக்கத்து வரிசையில் நிரை பிடித்துப் பறிக்கிற பஞ்சவர்ணம்தான் யோசனை சொன்னாள். "பூவ வச்சாத்தானடி தப்பு? இது தண்ணி. தண்ணிய அடிச்சுக்கிட்டா எந்த மகராசன் கேக்கப்போறான்?"

வேலுத்தாய் குப்பியைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டாள். எடுத்தது அவள் மகள் பிரகதி. மூன்றாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை, அம்மா குனிந்து அடுப்பு ஊதும்போது பின்னங்கழுத்தில், சடை தொடங்குகிற இடத்தில், ஒரே ஒரு தடவை அழுத்திவிட்டது. வீடு முழுக்கப் பழுத்த கொய்யா வாசமும் அதற்குப் பின்னால் மல்லி வாசமும் எழுந்தன. வேலுத்தாய் திட்ட வாயெடுத்தாள், வாசம் நன்றாக இருந்ததால் திட்டவில்லை.

மறுநாள் விடியுமுன் மல்லிக்காட்டில், எல்லோரும் நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு குனிந்து பறிக்கும்போது, பஞ்சவர்ணத்தின் வெளிச்சம் வேலுத்தாயின் தலையில் விழுந்து நின்றது.

"ஏண்டி, பூ வச்சிருக்க?"

"நானா? எனக்கென்ன கிறுக்கா?"

பஞ்சவர்ணம் பிடித்து இழுத்தாள். வேலுத்தாய் அலறிவிட்டாள். மயிரைப் பிடித்து இழுத்தால் என்ன வலி வலிக்குமோ அந்த வலி. வரிசைக்கு வரிசை பெண்கள் கூடையை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டு வந்து, டார்ச்சைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, மயிர் எங்கே முடிகிறது, காம்பு எங்கே தொடங்குகிறது என்று தடவிப் பார்த்து, உச்சியிலிருந்து பிடரி வரைக்கும் நெருக்கமாக மொட்டு விட்டிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். "இது வச்சதில்ல, முளைச்சது" என்று பஞ்சவர்ணம் தீர்ப்புச் சொன்னாள். பிறகு எல்லோரும் அவரவர் வரிசைக்குத் திரும்பினார்கள், விடிந்துகொண்டிருந்தது.

வைத்ததா முளைத்ததா என்பதுதான் முதல் வாரம் முழுக்க ஊர்ப் பேச்சு. கோயில் பூசாரியிடம் கேட்டோம். அவர் வெற்றிலையை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு, தாலியறுத்தவள் வீட்டுக் கொல்லையில் தென்னை காய்க்கிறது, அதைக் காய்க்காதே என்று யாராவது சொல்கிறோமா என்று திருப்பிக் கேட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. மல்லியை நாளுக்கு நாள் பறிக்காமல் விட்டால் செடி கெட்டுவிடும் என்பது எங்களுக்குத் தெரியும், அதனால் வரிசை முடிந்ததும் பஞ்சவர்ணம் அவளை வரப்பில் உட்காரவைத்து, பேசிக்கொண்டே தலையையும் பறித்துவிடுவாள், மறுநாள் விடியும்போது மறுபடியும் மொட்டு இருக்கும். இரண்டு தேனீ அவளோடு வீட்டுக்கு வந்து கூரையில் தங்கிக்கொண்டன. டவுன் பஸ்ஸில் கண்டக்டர், பூக்கூடைக்கு லக்கேஜ் உண்டு, தலைக்கு உண்டா இல்லையா என்று டிரைவரைக் கேட்டுவிட்டு, இல்லையென்று விட்டுவிட்டார். பள்ளிக்கூடத்தில் டீச்சர், பிரகதியின் அம்மா வந்தால் ஜன்னல் பக்கம் உட்காரச் சொல்வார், வாசத்தில் பிள்ளைகள் தூங்கிவிடுகிறார்கள் என்று. வெள்ளாடுகள் மட்டும் தொந்தரவு, அவள் தெருவில் குனிந்தால் போதும், ஓடிவந்துவிடும்.

பொறுப்பு மேடம் கேள்விப்பட்டு வந்து பார்த்தார். கம்பெனிக்காரர் அல்லவா, அவரும் ஆச்சரியப்படாமல் நேராகக் கேள்விக்குப் போனார்.

"இந்தப் பூவுக்கு என்ன மருந்து அடிக்கிறீங்க?"

"மருந்தெல்லாம் இல்லைங்க மேடம். தேங்கா எண்ணெய்தான். வெள்ளிக்கிழமை சீயக்கா."

மேடம் யோசித்தார். செடியில் வந்த பூவா, ஆளில் வந்த பூவா என்பது தெரியாமல் இதைக் கம்பெனிக் கணக்கில் சேர்க்க முடியாது, தனியாக வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். தனியாக வைத்த பூவை வேலுத்தாய் தொடுத்து, பக்கத்து வீட்டுப் பெண்களுக்குக் கொடுத்தாள். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. முன்பெல்லாம் அவள் கையால் பூ வாங்க யோசிப்பவர்கள்தான் அவர்கள்.

இப்படியே போயிருந்தால் எல்லோருக்கும் நல்லதுதான். ஆடி பிறந்ததும் சடை நுனியில் ஒரு பிஞ்சு விட்டது. முதலில் ரிப்பனில் கட்டிய முடிச்சு என்று நினைத்தோம், பிறகு அது சுண்டைக்காய் அளவாகி, எலுமிச்சை அளவாகி, சந்தேகத்துக்கு இடமில்லாமல் கொய்யாக்காயாகத் தொங்கியது. கிளி ஒன்று அவள் பின்னாலேயே திரிந்தது. பூத்தபோது சிரித்த ஊர், காய்த்தபோது யோசிக்க ஆரம்பித்துவிட்டது.

காரணம் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் பெண் பார்த்துப் பிடித்துப்போனால் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் தட்டோடு வந்து பெண்ணின் தலையில் பூ வைத்துவிட்டுப் போவார்கள். நிச்சயதார்த்தம், பத்திரிகை எல்லாம் அப்புறம். பூ வைத்தாச்சு என்றால் முடிந்தது, அந்தப் பெண் இனி அந்த வீட்டுக்குரியவள். தலையில் பூ இருக்கிறது, அதுவும் தாலி இல்லாதவள் தலையில் இருக்கிறது, அப்படியானால் வைத்தவர் ஒருவர் இருக்க வேண்டுமல்லவா என்று கேட்டவன் வேலுத்தாய் புருஷனின் அண்ணன் சங்கையா. முளைத்தது என்று பூசாரி சொன்னது அவனுக்கு வசதியாக மறந்துபோயிற்று. "பூ வச்சு, காயும் காய்ச்சாச்சு. இன்னும் வச்ச வீட்டுக்காரன் யாருன்னு தெரியாம எத்தன நாளைக்கு வீட்டுல வச்சிருக்கறது?" என்று அம்பலகாரர் சோணைமுத்துவிடம் போய் முறையிட்டான். அம்பலகாரர் எங்கள் ஊர்த் தலைவர். அவரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன், ஆனால் முறை என்று யாராவது சொல்லிவிட்டால் அவருக்குக் கண் தெரியாது.

சங்கையா இன்னொன்றும் சொன்னான். வைத்தவன் கிடைத்தால் அவனோடு அவள் போகட்டும், பிரகதி எங்கள் வீட்டு வாரிசு, அவள் இங்கேதான் இருப்பாள். வைத்தவன் கிடைக்காவிட்டால் குடும்பத்துக்குக் கேடு, கோயிலில் மொட்டையடித்துப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடலாம், அப்போதும் பிள்ளை இங்கேதான். எப்படிப் பார்த்தாலும் தம்பி கட்டிவைத்த ஓட்டுவீடு காலியாகும், மாட்டைக் கட்டிக்கொள்ளலாம். இதை அவன் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

ஆக, பூ வைத்தது யார் என்று கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. அம்பலகாரர் அட்டைப்பெட்டியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து எழுத்துக்கூட்டிப் படித்தார். பொறுப்புடன் என்ற வார்த்தைக்கு வந்ததும் விரலை அங்கேயே வைத்துக்கொண்டார். யார் பொறுப்பு என்று நாம் ஊரெல்லாம் தேடுகிறோம், இவர்கள் பெட்டி மேலேயே போட்டிருக்கிறார்களே என்றார்.

பெரிய மனிதர்கள் ஒரு வேன் பிடித்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கம்பெனிக்குப் போனார்கள். பொறுப்பு மேடம் வாசலுக்கு வந்து, நாற்காலி போட்டு, மோர் கொடுத்தார்.

"எங்க ஊர்ப் பொண்ணு தலைக்குப் பூவக் கொண்டுவந்தது உங்க சென்ட்டு" என்றார் அம்பலகாரர். "பெட்டியில பொறுப்புன்னு போட்டிருக்கீங்க. இதுக்கு யாரு பொறுப்பு?"

மேடம் இந்தக் கேள்விக்காகவே வேலை பார்க்கிறவர். ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "நான்தாங்கய்யா பொறுப்பு."

வேட்டிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வார்கள் என்று யாரும் நினைக்கவில்லை.

"அப்ப முறைப்படி ஊருக்கு வந்து பேசிருவீங்களா?"

"கண்டிப்பா வர்றேன். ஊர்ல எல்லாரையும் உக்கார வச்சுப் பேசறதுதான் எங்க முறையும்."

"தட்டோட வரணும். தேங்கா, பழம், வெத்தல பாக்கு."

"உங்க வழக்கம் எதுவோ அப்படியே செஞ்சிடுவோம்" என்றார் மேடம், உள்ளூர் வழக்கத்தை மதிக்க வேண்டும் என்பதும் அவருடைய பாடத்தில் இருந்தது. வெள்ளிக்கிழமை என்று முடிவாயிற்று. அம்பலகாரர் திரும்பி வரும்போது, சம்பந்தி ரொம்பத் தங்கமான மனுஷி என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

செய்தி கேட்டு வேலுத்தாய் பயந்துபோனாள். யாரோ ஒரு மாப்பிள்ளை வருவான், அவன் குருடா நொண்டியா என்பதுகூட அவளுக்குக் கவலையில்லை. பிள்ளையைப் பிரிக்கப்போகிறார்கள் என்பது ஒன்றுதான் மனசில் நின்றது. மத்தியானம் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு மொட்டாகப் பிடுங்கினாள். கத்தரிக்கோலால் முடியைக் காதுவரை வெட்டினாள். விடிந்தபோது முடி இடுப்புவரை இருந்தது, மொட்டு முன்னைவிட நெருக்கமாக இருந்தது, நுனியில் கொய்யா அப்படியே தொங்கியது. பிரகதி எழுந்து, அம்மாவின் முகம் வீங்கியிருப்பதைப் பார்த்தாள்.

"அம்மா, நான் அடிச்சதுனாலயா?"

"இல்லத்தா. நீ ஒண்ணும் பண்ணல."

"பெரியப்பா என்னைய மட்டும் வச்சுக்கிருவாராம். பெரியப்பா வீட்டு அண்ணன் சொல்றான்."

வேலுத்தாய் பிள்ளைக்குத் தலைவாரிவிட்டாள். இரட்டைச் சடை போட வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை பூக் கொட்டகையில் ஊரே கூடியது. தராசுகளை ஓரமாக ஒதுக்கி ஜமுக்காளம் விரித்திருந்தோம். மொக்கராசுவின் வேனில் பொறுப்பு மேடம் வந்து இறங்கினார், பின்னாலேயே மொக்கராசு பழத்தட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கினார். ஏழு தட்டு. எங்கள் பெண்கள் எண்ணிப் பார்த்துத் திருப்திப்பட்டார்கள். சங்கையா வேனுக்குள் எட்டிப் பார்த்தான், அங்கே வேறு யாரும் இல்லை.

"மாப்பிள்ளை எங்கம்மா?" என்றார் அம்பலகாரர்.

"எந்த மாப்பிள்ளைங்கய்யா?"

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் யார் என்ன பேசினார்கள் என்று சொல்ல முடியாது, எல்லோரும் சேர்ந்து பேசினோம். மேடத்துக்கு விஷயம் புரிந்தபோது அவர் முகம் சிவந்துபோனது. பொறுப்புடன் பெறுவது என்றால் கட்டிக்கொண்டு போவது இல்லை என்று, வார்த்தை வார்த்தையாக நிறுத்தி விளக்கினார். "குடுக்கிறவங்க மனசாரக் குடுக்கணும். அவங்களக் கேட்டுட்டுத்தான் எடுக்கணும். அதுக்குப் பேருதாங்கய்யா பொறுப்பு. நீங்க என்னையக் கேட்டீங்க. அவங்களக் கேட்டீங்களா?"

"அவள என்னத்தக் கேக்கறது?" என்றான் சங்கையா. "வச்சவன் இல்லேன்னா மொட்டதான். நாவிதரக் கூட்டிட்டு வந்திருக்கேன்." உண்மையிலேயே கூட்டி வந்திருந்தான், அவர் கத்திப்பெட்டியோடு தூணோரம் சங்கடமாக நின்றுகொண்டிருந்தார்.

அம்பலகாரர் மேடத்தையும் பார்த்தார், ஏழு தட்டையும் பார்த்தார். தட்டு கொண்டுவந்தவர் சொல்லுக்கு மரியாதை கொடுக்காமல் இருப்பதும் முறையில்லை அல்லவா. "சரி. ஏத்தா வேலுத்தாயி, நீ சொல்லு" என்றார்.

வேலுத்தாய் எழுந்து நின்றாள். அவள் கொட்டகையில் வாய் திறந்து நாங்கள் கேட்டதில்லை. பிரகதி அவள் சேலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"முறையே பேசுவோங்கய்யா. பூ வச்சா யாரு யாரு வீட்டுக்குப் போகணும்?"

"இதென்ன கேள்வி? பூ வச்சவங்க வீட்டுக்குப் பூ வாங்கினவங்க போகணும்."

"போறவங்கதான் வீட்ட விட்டுட்டுப் போகணும். வச்சவங்க அவங்க வீட்டுலயே இருக்கலாமா?"

"வச்சவங்க எதுக்குப் போறாங்க? அவங்க இருக்கிற எடத்துல இருப்பாங்க."

"பிள்ள குட்டியோட?"

"பிள்ள குட்டியோடதான். அவங்க வீடு, அவங்க பிள்ள. யாரு என்ன சொல்ல முடியும்?" என்று சொல்லி முடித்த பிறகுதான், தான் எதையோ சொல்லிவிட்டோம் என்று அம்பலகாரருக்குத் தோன்றியிருக்க வேண்டும், மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வேலுத்தாய் கையை உயர்த்தி, உச்சியில் நன்றாகத் திரண்டிருந்த ஒரு மொட்டைத் தடவிப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு பிடுங்கினாள். வலித்தது, பார்த்த எங்களுக்கே தெரிந்தது. மகளைக் கையில் பிடித்துக்கொண்டு நேராக நடந்து, கடைசித் தட்டைக் கையில் வைத்தபடி நின்றிருந்த மொக்கராசுவுக்கு முன்னால் போய் நின்றாள். அவர் தலையைப் பார்த்தாள். வைக்க முடி இல்லை. காதோரம் செருகினாள்.

பின்னாலிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பிறகு பின்வரிசையில் யாரோ, "போச்சுடா, ஆளுக்குக் காதுல பூ வச்சிட்டாடா" என்றான், நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம். காதில் பூ வைப்பது என்றால் ஏமாற்றுவது, அதைக்கூடத் தெரியாதவன் யார் இருக்கிறான்? சங்கையாதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். "செல்லாது, செல்லாது. பொம்பள ஆம்பளைக்கு வைக்கிறது எங்கயிருக்கு? காதுல வச்சா அது வேற கணக்கு" என்றான்.

"வைக்கிறது எந்தப் பக்கம்னு முறையில இல்லையே" என்றாள் பஞ்சவர்ணம். "பூ இருக்கிற பக்கம் வைக்கும். அவகிட்டத்தான இருக்கு?"

அம்பலகாரர் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். கடைசியில், வைக்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் சம்மதம் என்றால் காதாவது மூக்காவது, ஊருக்கு அதில் பேச்சில்லை என்று முடித்தார். சங்கையாவின் சிரிப்பு நின்றது. ஊர் மறுபடியும் மொக்கராசுவைத் திரும்பிப் பார்த்தது. பூவை எடுத்துக் கீழே போட்டால் எல்லாம் பழையபடி, நாவிதர் பெட்டியைத் திறக்க வேண்டியதுதான். வேலுத்தாயின் கை பிள்ளையின் தோளை இறுக்கிப் பிடித்திருந்தது, வலிக்குதும்மா என்று பிரகதி மெதுவாகச் சொன்னது எங்களுக்குக் கேட்டது.

மொக்கராசு தட்டைப் பத்திரமாக ஜமுக்காளத்தில் இறக்கி வைத்தார். ஊரெல்லாம் சிரிக்க, காதில் பூவோடு நிற்கிற ஆள் எப்படித் தெரிவாரோ அப்படித்தான் தெரிந்தார். அதை அவர் எடுக்கவில்லை. அம்பலகாரரையோ மேடத்தையோ பார்க்காமல், வேலுத்தாயைப் பார்த்துக் கேட்டார்.

"வண்டிய எங்க நிப்பாட்டறதுங்க?"

"வேப்பமரத்துக்கு அந்தாண்ட நிப்பாட்டுங்க" என்றாள் வேலுத்தாய். "வாசல்ல நிப்பாட்டுனா பிள்ளைக்கு விளையாட எடமிருக்காது."